தக்கை இறங்கிய இரும்புப் பெட்டி

செஸ்த்ரி கப்பல் பட்டறையில் ஒத்தாவியோ கானெப்பா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தக்கை என்று கேட்க வேண்டும். புட்டி வாயில் திணிக்கிற தக்கைதான். ஆள் அவ்வளவு குட்டை. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது அளவுகோலுக்குக் கீழே நின்றவனைப் பார்த்து மருத்துவர், "மிச்சத்தை எங்கடா விட்டுட்டு வந்தே?" என்றார்.

"அம்மா வயித்துலயே தங்கிடுச்சுங்க. போயி எடுத்துட்டு வரட்டுமா?"

அறை முழுக்கச் சிரித்தது. அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் தெருவில் வளர்ந்த நெட்டையர்களில் பாதிப் பேர் ஆல்ப்ஸ் மலையில் பனிக்கு அடியில் போனார்கள். குட்டையாகப் படைத்தது கடவுளின் கருணை என்று அவனுடைய அக்கா மெழுகுவத்தி ஏற்றினாள். "அப்போ நெட்டையாப் படைச்சவங்க மேல கடவுளுக்கு என்ன கோவமாம்?" என்று கேட்டான் ஒத்தாவியோ. அக்கா பல மாதங்கள் அவனோடு பேசவில்லை.

இப்படி வாயால் வாழ்ந்தவன்தான். பட்டறையில் அவன் வேலை கொதிகலனுக்குள். வெளியே இருப்பவன் தகடுகளை இணைக்கிற ரிவிட் ஆணியைச் சம்மட்டியால் அறைவான். உள்ளே குனிந்து உட்கார்ந்திருப்பவன் கனத்த இரும்புக் கட்டையால் அதன் தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பெரிய உடம்புக்கு உள்ளே இடம் கிடையாது. ஒவ்வொரு அடியும் கோயில் மணிக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். வலது காது முதலில் போனது. இடது காதில் பாதி மிஞ்சியது. சிவப்புக் கொடி பிடித்த தொழிலாளர் கூட்டங்களில் அந்தப் பாதிக் காதை முன்னால் நீட்டிக்கொண்டு கேட்பான், பிறகு எழுந்து எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசுவான். தன் குரல் தனக்கே கேட்காதவனுக்குச் சத்தத்தின் அளவு எப்படித் தெரியும்?

பாசிசக் கருஞ்சட்டைக்காரர்கள் அதிகாரத்துக்கு வந்த இலையுதிர் காலத்தில் அவனைச் சந்தை முனையில் பிடித்தார்கள். தூணில் கட்டி, வாயைத் திறந்து, புனல் வைத்து ஒரு புட்டி விளக்கெண்ணெயை ஊற்றினார்கள். அடிபட்டு விழுந்தவனை ஊர் தூக்கிவிடும். கால்சட்டையோடு கழிந்துகொண்டு வீட்டுக்கு நடக்கிறவனை ஊர் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்க்கும். ஆளைக் கொல்லாமல் அவன் மானத்தை மட்டும் கொல்வதற்கு அந்தக் கூட்டம் கண்டுபிடித்த வழி அது. மறுநாளே வேலையும் போனது.

பல வருடம் மீன் கூடை சுமந்தான், புகைபோக்கி துடைத்தான். கடைசியில் அந்தக் கருஞ்சட்டைக் கட்சி எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்ட வருடத்தில் அவனும் அட்டை வாங்கி, சட்டையில் அந்த வட்டச் சின்னத்தைக் குத்திக்கொண்டான். ஊரில் அந்தச் சின்னத்துக்கு மூட்டைப்பூச்சி என்று பெயர். கடித்தாலும் சட்டையை விட்டுப் போகாது. பூச்சியைக் குத்திய வாரமே பட்டறை அவனைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அவன் மட்டும் பழைய ஆளாகத் திரும்பவில்லை. கேட்டால் தலையாட்டுவான், அதோடு சரி.

"அவனுங்க எண்ணெயை உள்ள ஊத்தல. உன் நாக்கை வெளிய எடுத்துட்டுப் போயிட்டானுங்க" என்பாள் அவன் மனைவி இரிதே. மீன் வலை பின்னுகிறவள். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருடத் தொடக்கத்தில் பட்டறையின் பின்கொட்டகையில் அந்தச் சாதனம் உருவானது. ஒரே ஓர் ஆளுக்கான கவச வண்டி. உயரம் ஒரு மனிதனின் மார்பளவு. கீழே இரண்டு சங்கிலிப் பட்டைகள், முன்னால் மோட்டார் சைக்கிளினுடையதைப் போன்ற எஞ்சின், அதற்குப் பின்னால் சைக்கிள் இருக்கை மாதிரி ஒரு தோல் இருக்கை. அதில் பாதி நின்றும் பாதி உட்கார்ந்தும் ஓட்ட வேண்டும். சுற்றிலும் தகடு, கண்ணுக்கு நேரே ஒரு கீறல் ஜன்னல், முன்னால் இரண்டு எந்திரத் துப்பாக்கிகள், முதுகுப் பக்கம் ஒரு கதவு. வேகம், ஆள் நடக்கிற வேகம்தான். காலாட்படை வீரன் ஒவ்வொருவனும் தன் கோட்டையைத் தானே உருட்டிக்கொண்டு போய் எதிரியை நசுக்குவான் என்று காகிதத்தில் எழுதியிருந்தார்கள். தொழிலாளர்கள் அதற்குப் பாவசங்கீர்த்தனக் கூண்டு என்று பெயர் வைத்தார்கள். தேவாலயத்தில் பாவங்களைக் கேட்கிற குருவானவர் மாதிரி உள்ளே உட்கார்ந்து சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கலாம்.

அதற்குள் பொருந்துகிற உடம்பைத் தேடினார்கள். பட்டறையில் இரண்டு பேர்தான் தேறினார்கள். ஒருவன் ஒத்தாவியோ. இன்னொருவன் பெல்லேக்ரோ, முன்னாள் பந்தயக் குதிரைக்காரன், முட்டி உடைந்து பட்டறைக்கு வந்தவன். நல்ல கால் இருந்ததால் ஒத்தாவியோவை முதலில் ஏற்றினார்கள்.

ஓட்டுவது சிரமமில்லை. எஞ்சின் கொக்கியை மாட்டிவிட்டால் போதும். நெம்புகோல்களைத் தொடாதவரை வண்டி தானாக நேரே போகும். வெயில் நாளில் உள்ளே வேகும். அப்போது பின்கதவைத் திறந்து இறங்கி, வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வருவான் ஒத்தாவியோ.

"என்னடா தக்கை, கழுதை மேய்க்கிறியா?" என்பான் பெல்லேக்ரோ.

"கழுதையா இருந்தா கூப்பிட்டாத் திரும்பும்டா."

இதிலெல்லாம் குற்றமில்லை. குற்றம் தகட்டில் இருந்தது. கவசத்துக்கான கெட்டி எஃகு இன்னும் உருக்காலையிலிருந்து வரவில்லை. வண்டி ஓடுகிறதா, திரும்புகிறதா என்று மட்டும் பார்க்க, படகுக்கு அடிக்கிற சாதா இரும்பையே வெட்டிப் பொருத்தியிருந்தார்கள். இது கொட்டகையில் பெருக்குகிறவனுக்குக்கூடத் தெரியும். யாரும் மறைக்கவும் இல்லை. ஆனால் வேலை முடிந்தது என்று மேலே சொன்னபோது, இரும்பு என்ற சொல்லை ஒருவர் விழுங்கினார். அடுத்தவர் கவசம் என்றார். ரோம் நகரத்துக்குச் செய்தி போனபோது அது ஐரோப்பாவிலேயே இல்லாத கெட்டி எஃகு ஆகிவிட்டது. இல்லை என்று மேலே சொல்லக் கூடாத ஒரு நாட்டில் பொய்யை யாரும் தனியாக உட்கார்ந்து புனைய வேண்டியதில்லை. படிக்கட்டில் ஏற ஏற அது தானே சதை போடும்.

ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி, போல்செவேரா ஆற்றின் வறண்ட படுகையில் வண்டியை ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. அன்றைக்கு ரோம் பிறந்த நாள். மே தினத்தைத் தடை செய்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தொழிலாளர் கையில் கொடுத்த விடுமுறை அது. முன்கூட்டிப் பார்க்கக் கட்சியின் மாவட்டத் தலைவர் கொட்டகைக்கு வந்தார். உயரமான, அழகான, பளபளக்கும் பூட்சு போட்ட மனிதர். வண்டி ஒரு சுற்று வந்தது. அவருக்கு முகம் சுருங்கியது.

"நடக்குது. சரி. என் மாமியார்கூடத்தான் நடக்குறாங்க. கவசம்னா சுட்டுக் காட்டணும். ஆளை உள்ள வச்சு எந்திரத் துப்பாக்கியால சுடுங்க. ஜனங்க பாக்கட்டும்."

வண்டியை வடிவமைத்த இஞ்சினியர் சொலாரி வாயைத் திறந்தார். எல்லாரும் அந்த வாயைப் பார்த்தார்கள். "உத்தரவு" என்று சொல்லி அது மூடிக்கொண்டது.

தலைவர் போன பிறகு பெல்லேக்ரோதான் முதலில் பேசினான். "தக்கை, உனக்கு எந்தப் பூ பிடிக்கும்? முன்கூட்டிச் சொல்லிடு." யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சொலாரி அவன் வீட்டுக்கே வந்தார். மேசையில் கடலைமாவு அடை சூடாக இருந்தது. இஞ்சினியர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடையைத் தொடவில்லை.

"பயப்படாதே ஒத்தாவியோ. சுடப்போற சார்ஜண்ட் என் மனைவிக்குத் தம்பி முறை. வண்டிக்கு முன்னாடி கூழாங்கல்லுல சுடுவான். கல்லு தெறிக்கும், தூசு பறக்கும். மேடையிலேருந்து பாக்குறவனுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

இரிதே அடுப்படியிலிருந்து வந்தாள். "ஐயா, ஒண்ணு கேக்கலாமா? 'இது வெறும் இரும்பு'. எத்தனை வார்த்தை இருக்கு இதுல? படிச்சவங்க நீங்க. சொல்லிட்டா ஆகாதா?"

"சொன்னா என்னை எங்க அனுப்புவாங்கன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும். சொல்லாட்டி இவரை எங்க அனுப்புவாங்கன்னும் தெரியும்."

சொலாரி ஒத்தாவியோவைப் பார்த்தார். கெட்ட மனிதரல்ல. பயந்த மனிதர். அந்த நாட்டில் கெட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுடைய வேலையைப் பயந்தவர்கள்தான் செய்து முடித்தார்கள். ஒத்தாவியோ வழக்கம்போலத் தலையாட்டினான்.

ரோம் பிறந்த நாளன்று படுகை முழுக்கக் கொடி. பட்டறையாட்கள் எல்லாரையும் லாரியில் கொண்டுவந்து இரண்டு கரையிலும் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். தூரத்தில் மேடை, அதன் முன்னால் மண்மூட்டை அடுக்கி எந்திரத் துப்பாக்கி. குருவானவர் வந்து கூண்டின் மேல் தீர்த்தம் தெளித்தார்.

"சாமி, போதும் சாமி" என்று முணுமுணுத்தான் பெல்லேக்ரோ. "எஃகுன்னா தாங்கும். இது துருப் புடிச்சிடும்."

ஒத்தாவியோ ஏறிக் கதவைச் சாத்தினான். கொக்கியை மாட்டினான். கூண்டு கூழாங்கற்களை நொறுக்கிக்கொண்டு நகர்ந்தது. எஞ்சின் இரைச்சலில் அந்தப் பாதிக் காதும் அடைத்துப்போனது. கீறல் ஜன்னலில் உலகம் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. துப்பாக்கிக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்த சார்ஜண்ட். அவனுக்குப் பின்னால் மேடை. கறுப்புச் சட்டைகள்.

சார்ஜண்ட் எழுந்து நின்றான்.

ஏன் எழுந்தான் என்று ஒத்தாவியோவுக்கு முதலில் புரியவில்லை. விறைப்பாக நின்று கையை நீட்டி வணக்கம் வைத்தான். மாவட்டத் தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். கையுறைகளைக் கழற்றி ஒருவனிடம் கொடுத்தார். படம் பிடிப்பவர்கள் ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டார்கள். சார்ஜண்ட் ஏதோ சொன்னான், கையை ஆட்டினான். தலைவர் சிரித்துக்கொண்டே அவனை ஒதுக்கிவிட்டு, பூட்சைப் பின்னால் நீட்டி, துப்பாக்கிக்குப் பின்னால் படுத்தார்.

சார்ஜண்ட் குறி தவறச் சுடத் தயாராக வந்தவன். இவர் குறி வைத்து அடிக்க வந்தவர். தகட்டில் குண்டு பட்டுக் கணீரென்று தெறிப்பதைக் கேட்க ஆசைப்படுகிறார். அது எஃகு என்று மனதார நம்புகிறவர் அந்தப் படுகையில் அவர் ஒருவர்தான்.

கத்தினால் யாருக்குக் கேட்கும்? ஒத்தாவியோ நெம்புகோல்களிலிருந்து கையை எடுத்தான். பின்கதவைத் தள்ளி இறங்கினான். கூண்டின் முதுகோடு ஒட்டிக் குனிந்து கொஞ்ச தூரம் நடந்தான், பிறகு கல்லோடு கல்லாகப் படுத்துக்கொண்டான். மேடைக்குக் கூண்டின் முகம் மட்டும் தெரியும். கரையில் நின்றவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். ஒருவனும் வாய் திறக்கவில்லை.

கூண்டு ஆளில்லாமல் நேரே போனது. தலைவர் சுட்டார். படுத்திருந்த தரை அதிர்வதில்தான் ஒத்தாவியோவுக்கு அது தெரிந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது கூண்டின் முதுகில் வரிசையாக வெளிச்சம் தெரிந்தது. முன்பக்கம் நுழைந்த குண்டு பின்பக்கம் வந்திருந்தது. தோல் இருக்கை கிழிந்து அதன் பஞ்சு காற்றில் பறந்தது. எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது.

தலைவர் எழுந்து, சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டு, கூண்டை நோக்கி நடந்தார். பக்கத்தில் போனதும் நடை தளர்ந்தது. ஓட்டைகளைப் பார்த்தார். கதவுப் பக்கம் போய் உள்ளே பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அப்போது பின்னால் கற்களுக்கு நடுவிலிருந்து ஒரு குட்டை மனிதன் எழுந்து நிற்பதைக் கண்டார்.

அவர் முகத்தில் இரத்தம் திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தில் அவர் யோசித்து முடித்துவிட்டார். ஓடிவந்து அவனைத் தோளோடு அணைத்தார். வாயை அவனுடைய நல்ல காதில் வைத்தார். "நீ உள்ளதான் இருந்தே."

அது கேள்வி இல்லை.

கூண்டின் மேல் அவசரமாகக் கொடியைப் போர்த்தினார்கள். ஒலிபெருக்கி முழங்கியது. "இதோ, நம்ம தொழிலாளி! குண்டு மழைக்கு நடுவுல உக்காந்திருந்தவர்! ஒரு கீறல் இல்ல!" மேஸ்திரிகள் கையை உயர்த்தினார்கள். இரண்டு கரையிலும் கைதட்டல் எழுந்தது. அவன் இறங்கியதை, படுத்ததை, எழுந்ததைக் கண்ணால் கண்ட அத்தனை பேரும் தட்டினார்கள். பெல்லேக்ரோவும் தட்டினான்.

அடுத்த நாட்களில் கொட்டகையில் ஓட்டைகளை மக்குப் பசை வைத்து அடைத்து, சாம்பல் நிறச் சாயம் பூசினார்கள். ரோமில் அமைச்சர்களுக்கு முன்னால் இதே காட்சியை இன்னொரு தடவை நடத்துவது என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன் ராணுவத்திலிருந்து ஒரு கர்னல் வந்து வண்டியைப் பார்ப்பார், ஓட்டியவனிடம் நாலு வார்த்தை கேட்பார். சொலாரி பதில் சொல்லிக்கொடுத்தார். "உள்ள எப்படி இருந்துச்சுன்னு கேப்பாரு. தகரக் கூரையில மழை பேஞ்ச மாதிரி இருந்துச்சுன்னு சொல்லு. அது போதும்."

"ரோம்ல யாருங்க சுடுவாங்க?"

சொலாரி சாயத்தைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்துவிட்டதா என்று. "உனக்குப் பயமா இருந்தா பெல்லேக்ரோவை ஏத்திக்கலாம்னு சொல்றாங்க."

பெல்லேக்ரோ தோளைக் குலுக்கினான். "ஏறுறேன். வேற என்ன பண்ண? வீட்டுல அஞ்சு வாய் திறந்தபடி இருக்கு. ஆனா தக்கை, என் முட்டி உன்னுது மாதிரி இல்ல. நான் இறங்குறதுக்குள்ள சாமி வந்து எனக்குக் கடைசிப் பூசை வச்சிடும்."

வீட்டில் இரிதே வலை பின்னிக்கொண்டிருந்தாள். நாக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று காலமெல்லாம் அவனைக் குத்தியவள். இப்போது ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்தாள். "மழை பேஞ்ச மாதிரின்னே சொல்லிடு. எனக்காகச் சொல்லிடு. நீ பேசுனப்ப என்ன நடந்துச்சுன்னு மறந்துட்டியா? அந்தத் துணியைத் துவைச்சவ நான்."

"மறக்கல."

"பின்ன என்ன?"

"ரோம்ல பெல்லேக்ரோ. அதுக்கப்புறம் ஆப்பிரிக்கா சண்டையில யாரோ. கப்பல் கப்பலா ஆள் ஏத்துறானுங்க, பாக்குறே இல்ல? எவன் மகனோ உள்ள உக்காந்துக்கிட்டு எஃகுன்னு நம்புவான்."

இரிதே ஊசியை எடுத்துக்கொண்டாள்.

கர்னல் வந்தார். நரைத்த மீசை, அதிகம் பேசாத ஆள். மாவட்டத் தலைவரும் சொலாரியும் இரண்டு பக்கமும் நின்றார்கள். கூண்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு கர்னல் ஒத்தாவியோவைப் பார்த்தார். "நீதானா உள்ளே இருந்தவன்? குண்டு பட்டப்போ சத்தம் எப்படி இருந்துச்சு?"

"தெரியாதுங்க. நான் உள்ள இல்ல."

தன் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று அவனுக்குத் தெரியாது. கொட்டகையின் மறுகோடியில் சம்மட்டி நின்றது.

"ஐயா, இவனுக்குக் காது மந்தம்" என்றார் தலைவர். "கேள்வி புரியல."

"புரிஞ்சுதுங்க. சுடுறதுக்கு முன்னாடியே பின்கதவு வழியா இறங்கிட்டேன். இது எஃகு இல்ல, படகு இரும்பு. குண்டு இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் வந்துச்சு. இந்தக் கொட்டகையில எல்லாருக்கும் தெரியும்."

கர்னல் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பேனாக்கத்தியை எடுத்தார். சாயம் பூசிய தகட்டில் குத்தினார். முனை வழுக்கியது. கொஞ்சம் தள்ளிக் குத்தினார். கத்தி மெத்தென்று உள்ளே இறங்கியது. அதைத் திருகி வெளியே இழுத்து, ஒட்டியிருந்த மக்கைக் கைக்குட்டையில் துடைத்தார். யாரையும் திட்டவில்லை. யாரையும் பாராட்டவும் இல்லை. "போகலாம்" என்று மட்டும் சொன்னார்.

கூண்டு ரோமுக்குப் போகவில்லை. பெல்லேக்ரோ ஏறவில்லை. நியாயம் அதோடு முடிந்தது. வண்டிச் சோதனை கெட்டதற்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா? ஓட்டுநர் கோழைத்தனமாக இறங்கி ஓடியதால் கெட்டது என்று தீர்ப்பானது. பழைய சிவப்புக் கட்சிக்காரன், திட்டமிட்ட நாசவேலை என்று சேர்த்துக்கொண்டார்கள். சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது சொலாரி வந்து, தகடு எஃகு என்றே நினைத்ததாகச் சொன்னார். தெற்கே, மலை மேல், பெயர் தெரியாத ஒரு கிராமத்தில் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாத ஐந்து வருடக் காவல்வாசம்.

கோடையின் நடுவில் அவனைக் கைவிலங்கோடு ரயிலில் ஏற்றினார்கள். இரிதேயை நடைமேடை வரை விட்டார்கள். அவள் அழவில்லை. அடை கட்டிய துணி மூட்டையை ஜன்னல் வழியாக அவன் மடியில் வைத்து, "உன் வாய்க்கும் சேத்து உப்பு போட்டிருக்கேன்" என்றாள்.

நேப்பிள்ஸுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சிறு நிலையத்தில் ரயிலை ஓரம் கட்டினார்கள். துறைமுகத்துக்குப் போகிற ராணுவ ரயிலுக்கு வழி விட வேண்டும். அது பக்கத்துத் தண்டவாளத்தில் மெதுவாக வந்து நின்றது. திறந்த வண்டிகளில் சின்னச் சின்ன டாங்கிகள் வரிசையாக இருந்தன. கூண்டைவிடப் பெரியவை, ஆனால் பெரியவை என்று சொல்ல முடியாது. முதுகுப் பக்கம் கதவு எதுவும் தெரியவில்லை. அவற்றின் மேல் பையன்கள் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். சட்டையில்லாத ஒருவன் ஜன்னலில் விலங்கைப் பார்த்துவிட்டு எட்டிக் குனிந்தான்.

"என்ன மாமா, யாரைக் கொன்னே?"

"யாரையும் கொல்லல தம்பி. ஒரு பெட்டியிலேருந்து இறங்கினேன்."

"அதுக்கா வெலங்கு?" பையன் தொடையில் தட்டிச் சிரித்தான். பக்கத்திலிருந்தவனிடம் சொல்ல, அவனும் சிரித்தான்.

காவலர் ஒத்தாவியோவின் தோளை அழுத்தினார். "பேச்சு போதும்." ஒத்தாவியோ ஜன்னலில் முகத்தைப் பதித்தான். ராணுவ ரயிலின் எஞ்சின் பெருமூச்சு விட்டது, இணைப்புகள் ஒவ்வொன்றாக இழுபட்டன.

"தம்பி! நீ உக்காந்திருக்கியே, அதுக்குக் கதவு எந்தப் பக்கம்?"

பையன் காதருகே கையைக் குவித்தான். ஒத்தாவியோ இன்னும் சத்தமாகக் கத்தினான். இந்தத் தடவை பையனுக்குக் கேட்டது. வண்டி நகர நகர, சிரித்த முகத்தோடு, விரலை நேராக வானத்தை நோக்கி நீட்டிக் காட்டினான்.